ஆளில்லாத் தீவுக்கு யார் பெயர் வைத்தது?

ஒன்பதாம் வகுப்புக்கு நிலவரைபடப் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாரம் அது. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இருவராக மாணவர்களை உட்கார வைத்தேன். "ஆளுக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எல்லை எது வழியாகப் போகிறது? ஆறா, மலையா, வெறும் கோடா? பார்த்து எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கணினியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எப்போதும் கடைசி பெஞ்சைத் தேடிப் போகும் மாணவன் ஒருவன் கனடாவை எடுத்திருந்தான். வடக்கே, வடக்கே என்று நகர்த்திக்கொண்டே போனவன் திடீரென்று கையைத் தூக்கினான்.

"மிஸ், கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவுல கோடு கடல்லயே போகுது. ஆனா இந்த ஒரு புள்ளியில மட்டும் தரை மேல ஏறி இறங்குது."

அருகில் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். பெரிதாக்கிப் பார்த்தால் 'ஹான்ஸ் தீவு' என்று பெயர் வந்தது. சத்தமாக வாசித்தேன். வாசித்த மறுகணம் பின் வரிசையில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எதற்கென்று நம் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். தடை செய்யப்பட்ட ஒரு புகையிலைப் பொட்டலத்தின் பெயரும் அதுதான். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அங்கே மனிதர் யாரும் வசிப்பதில்லை. அது சின்னப் பாறைத் தீவு" என்று பேச்சைத் திருப்பினேன்.

"ஆளே இல்லாத இடத்துக்கு யாரு மிஸ் பேரு வச்சா? ஹான்ஸ்னா யாரு?" என்று முன் வரிசை மாணவி கேட்டாள்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருபது ஆண்டுப் பழக்கம் வாயைத் திறக்க வைத்துவிட்டது. "அந்தத் தீவைக் கண்டுபிடித்த கப்பல் கேப்டன். அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்றேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் மனம் உறுத்தியது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடச் சரியில்லை என்று தெரிந்தது. அந்த வார இறுதியில் படித்தறிந்ததையும், திங்கட்கிழமை வகுப்பறையில் நடந்ததையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கே இருக்கிறது இந்தத் தீவு?

வட அமெரிக்காவின் வடகோடியில் கனடாவுக்குச் சொந்தமான எல்ஸ்மியர் தீவு இருக்கிறது. அதற்குக் கிழக்கே கிரீன்லாந்து. இரண்டுக்கும் நடுவே ஆர்க்டிக் பெருங்கடலையும் பாஃபின் விரிகுடாவையும் இணைக்கும் ஒடுங்கிய கடல்வழிதான் நேர்ஸ் நீரிணை. அதில் கென்னடி கால்வாய் எனப்படும் பகுதியின் ஏறக்குறைய நடுவில் ஹான்ஸ் தீவு நிற்கிறது. அமைவிடம் வட அட்சம் 80 டிகிரி 50 கலைக்கு அருகில், மேற்குத் தீர்க்கம் 66 டிகிரி 30 கலைக்கு அருகில். அங்கிருந்து வடதுருவம் ஏறக்குறைய 1,000 கி.மீ. தொலைவுதான்.

பரப்பளவு ஏறத்தாழ 1.3 சதுர கி.மீ. நமக்குப் பழகிய அளவில் சொன்னால் 320 ஏக்கர். நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். உச்சி 168 மீட்டர் உயரம். மரமில்லை, செடியில்லை என்று சொல்லும் அளவுக்கு வெறும் பாறை. அதுவும் சுண்ணாம்புப் பாறை. கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்துதான் சுண்ணாம்புப் பாறை உருவாகிறது என்று நாம் பாடம் நடத்துகிறோம் அல்லவா? இன்று பனிக்கட்டிகள் மோதும் இந்தப் பாறை, பல கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் உருவானது. கண்டங்கள் நகர்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அக்டோபர் பிற்பகுதியில் மறையும் சூரியன் மீண்டும் எட்டிப் பார்க்க பிப்ரவரி பிற்பகுதி ஆகிவிடும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதி வரை சூரியன் மறைவதே இல்லை. ஆண்டின் பெரும்பகுதி சுற்றிலும் கடல் உறைந்திருக்கும். கோடையில் ஆர்க்டிக் பெருங்கடலிலிருந்து பெரும் பனித்தளங்கள் தெற்கு நோக்கி மிதந்துவந்து தீவின் மேல் மோதும். 1980-களின் தொடக்கத்தில் கனடாவின் டோம் பெட்ரோலியம் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இங்கே தங்கி, அந்தப் பனித்தளங்கள் எவ்வளவு விசையோடு மோதுகின்றன என்று அளந்தார்கள். வடகடலில் எண்ணெய் எடுக்கச் செயற்கைத் தீவு கட்டினால் அது தாங்குமா என்று தெரிந்துகொள்வதற்காக.

மிக அருகில் மனிதர்கள் இருக்கும் இடம் கனடாவின் அலெர்ட் நிலையம். தொலைவு ஏறக்குறைய 200 கி.மீ. அதுவும் ஊர் அல்ல, படையினரும் வானிலைப் பணியாளர்களும் முறைவைத்துத் தங்கும் இடம். கிரீன்லாந்துப் பக்கம் குடும்பங்கள் வாழும் அருகிலுள்ள ஊர் சியோராபலுக். அது ஏறக்குறைய 350 கி.மீ. தெற்கே இருக்கிறது.

வரைபடம் பெரிதாக்கிக் காட்டுவது

சுவரில் நாம் மாட்டும் உலக வரைபடங்கள் பலவும் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. அதில் தீர்க்கக்கோடுகள் எல்லாம் இணைகோடுகள். உண்மையில் அவை துருவத்தில் ஒன்றுகூடுகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கத்தின் அகலம் 111 கி.மீ. ஹான்ஸ் தீவு இருக்கும் அட்சத்தில் அது வெறும் 18 கி.மீ.

கணித ஆசிரியரின் துணையோடு பிள்ளைகளையே கணக்குப் போட வைத்தேன். 80.8 டிகிரியின் கொசைன் மதிப்பு 0.16. 111-ஐ அதனால் பெருக்கினால் 17.8 கி.மீ. அப்படியானால் மெர்கேட்டர் வரைபடம் அங்கே நீளத்தை ஆறு மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டுகிறது. பரப்பை? ஏறத்தாழ 39 மடங்கு. "அவ்வளவு பெருசாக்கியும் புள்ளியாத்தான் தெரியுதா மிஸ்?" என்றான் தீவைக் கண்டுபிடித்த அந்த மாணவன். முக்கோணவியல் அட்டவணை எதற்குப் பயன்படும் என்று அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

யார் அந்த ஹான்ஸ்?

அவர் கப்பல் தலைவர் அல்லர். கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் 1834-ஐ ஒட்டிப் பிறந்த இனுயிட் வேட்டைக்காரர். அவருடைய இனுயிட் பெயர் சுவெர்சாக். திருச்சபை வைத்த பெயர் ஹான்ஸ் ஹென்ட்ரிக்.

1845-இல் இங்கிலாந்திலிருந்து ஜான் பிராங்க்ளின் என்பவர் தலைமையில் இரண்டு கப்பல்களில் புறப்பட்ட 129 பேர் வடகடலில் காணாமல் போனார்கள். அவர்களைத் தேடி அமெரிக்காவிலிருந்து எலிஷா கேன் என்ற மருத்துவர் 1853-இல் கிளம்பினார். வழியில் கிரீன்லாந்தில், கயாக் ஓட்டவும் ஈட்டி எறியவும் தெரிந்த ஓர் இளைஞரை வேட்டைக்காரராகச் சேர்த்துக்கொண்டார். அவர்தான் ஹான்ஸ். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. கேனின் கப்பல் பனியில் சிக்கி இரண்டு குளிர்காலங்கள் கழிந்தன. அந்தக் காலத்தில் குழுவினருக்கு இறைச்சி கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹான்ஸ். அங்கேயே வடக்கில் வாழ்ந்த இனுயிட் மக்களிடையே மெர்குட் என்ற பெண்ணை மணந்து தங்கிவிட்டார்.

1860-இல் ஐசக் ஹேஸ் வந்தார். ஹான்ஸ் அவரோடும் போனார். 1871-இல் சார்லஸ் ஹால், போலாரிஸ் என்ற கப்பலில் வடதுருவம் நோக்கி வந்தபோது மனைவி, மூன்று குழந்தைகளோடு அதில் ஏறினார். அந்தப் பயணத்தில் நடந்ததைச் சொன்னபோதுதான் என் வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது.

தலைவர் ஹால் 1871 நவம்பரில் கப்பலிலேயே இறந்துபோனார். மறு ஆண்டு ஆகஸ்டில் மெர்குட்டுக்கு நான்காவது குழந்தை கப்பலில் பிறந்தது. குழந்தைக்குச் சார்லி போலாரிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1872 அக்டோபர் 15 இரவு. புயல். கப்பல் மூழ்கிவிடும் என்று பயந்து உணவுப் பொருள்களைப் பக்கத்திலிருந்த பனித்தளத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பனித்தளம் உடைந்தது. கப்பல் ஒரு பக்கம், பனித்தளம் ஒரு பக்கம் என்று இருட்டில் பிரிந்துபோயின.

பனித்தளத்தில் மாட்டிக்கொண்டவர்கள் 19 பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். கைக்குழந்தை சார்லிக்கு அப்போது இரண்டு மாதம். அந்தப் பனித்தளம் தெற்கு நோக்கி மிதந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆறரை மாதம். ஏறக்குறைய 2,900 கி.மீ. ஆர்க்டிக்கின் சூரியனில்லாத குளிர்காலம் முழுவதும் அவர்கள் பனிவீடுகளில் இருந்தார்கள். அந்த வீடுகளைக் கட்டத் தெரிந்தவர்கள் இனுயிட்கள். ஹான்ஸும் எபியெர்பிங் என்ற இன்னொரு இனுயிட் வேட்டைக்காரரும் சீல்களை வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள். அதுவே உணவு. அதன் கொழுப்பே விளக்குக்கும் அடுப்புக்கும் எண்ணெய். 1873 ஏப்ரல் 30 அன்று, கனடாவின் லாப்ரடார் கரைக்கு அப்பால் சீல் வேட்டைக் கப்பல் ஒன்று அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது. அப்போதும் 19 பேர். ஒருவர்கூட இறக்கவில்லை.

"அந்தக் குட்டிப் பாப்பாவும் பொழச்சிருச்சா மிஸ்?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள் ஒரு மாணவி.

அதன் பிறகும் ஹான்ஸ் வீட்டில் உட்காரவில்லை. 1875-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் இரண்டு கப்பல்கள் வந்தன. அவற்றோடும் போனார். கிரீன்லாந்துக் கரையில் ஸ்கர்வி நோயால் நடக்க முடியாமல் கிடந்த பனிச்சறுக்குவண்டிக் குழுவை மீட்கச் சென்றவர்களில் தம் நாய்களோடு அவரும் ஒருவர். பிறகு தம் அனுபவங்களைத் தம் மொழியில் எழுதினார். அதை ஹென்ரிக் ரிங்க் என்ற அறிஞர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1878-இல் நூலாக வந்தது. துருவப் பயணங்களைப் பற்றி ஓர் இனுயிட் தாமே எழுதி வெளிவந்த முதல் நூல்களில் அது ஒன்று. 1889-இல் ஹான்ஸ் இறந்தார்.

தீவுக்கு அவர் பெயர் 1871-73 போலாரிஸ் பயணத்தின்போது வைக்கப்பட்டதாகத் தெரிகிறது. 1876-இல் அச்சான அப்பயண வரலாற்றில் அந்தப் பெயர் இருக்கிறது.

ஒரு பெயருக்குள் மறைந்த இரண்டு பெயர்கள்

இனி அந்த நீரிணையின் வரைபடத்தைக் கொஞ்சம் பாருங்கள். தெற்கே அகன்று கிடக்கும் நீர்ப்பரப்பு கேன் படுகை. வடக்கே இருப்பது ஹால் படுகை. மொத்தக் கடல்வழிக்கும் பெயர் நேர்ஸ் நீரிணை. கேன், ஹால், நேர்ஸ் மூவரோடும் போனவர் ஹான்ஸ். அவருக்குக் கிடைத்தது 320 ஏக்கர் பாறை. அருகிலேயே இன்னும் இரண்டு தீவுகள் இருக்கின்றன. ஒன்று பிராங்க்ளின் தீவு, மற்றது குரோசியர் தீவு. இருவரும் 1845-இல் காணாமல் போன பயணத்தின் தலைவர்கள். மூன்று தீவுகளில் மிகச் சிறியது ஹான்ஸ் தீவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேன், ஹால், நேர்ஸ், பிராங்க்ளின் எல்லாம் குடும்பப் பெயர்கள். அவர்கள் வழக்கப்படி மதிப்போடு ஒருவரைக் குறிப்பிடும் பெயர்கள். 'ஹான்ஸ்' மட்டும் வேலைக்காரரைக் கூப்பிடுவது போன்ற முதற்பெயர். அதுவும் அவருடைய மக்கள் அழைத்த பெயர் அல்ல. சுவெர்சாக் என்ற பெயர் வரைபடத்துக்கு வரவே இல்லை.

அந்தத் தீவுக்கும் ஏற்கெனவே பெயர் இருந்தது. வடமேற்குக் கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் அதை 'டார்ட்டுபாலுக்' என்று அழைக்கிறார்கள். சிறுநீரக வடிவம் கொண்டது என்று பொருள். மேலிருந்து பார்த்தால் அதன் உருவம் அப்படித்தான் தெரிகிறது. இனுயிட்களிடம் விமானமா இருந்தது? உறைந்த கடல்மேல் நாய்வண்டியில் சுற்றி வந்தும், பாறை உச்சியில் ஏறிப் பார்த்தும் வடிவத்தை அறிந்து வைத்த பெயர் அது. சீலையும் பனிக்கரடியையும் தேடிப் போகும் வேட்டைக்காரர்களுக்கு, நாற்புறமும் பனிவெளியைப் பார்க்க உதவும் உயரமான இடம் அது. அங்கே வீடு கட்டி யாரும் வாழவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்துபோனார்கள்.

'ஆளில்லாத் தீவு' என்று நாம் சொல்லும்போது, குடியிருப்பு இல்லை என்ற செய்தியோடு யாருக்கும் தெரியாதது, யாருக்கும் வேண்டாதது என்ற பொருளும் சேர்ந்துவிடுகிறது. என் மாணவியின் கேள்வி அங்கேதான் பிறந்தது. நானும் அதே பொருளில்தான் 'கண்டுபிடித்த கேப்டன்' என்று பதில் சொன்னேன்.

கோடு நின்ற இடம்

அந்தக் கோடு எப்படித் தரைமேல் ஏறியது என்ற மாணவனின் கேள்விக்கு வருவோம்.

ஒரு நாட்டின் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அதன் ஆட்சிக்கடல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்றால் 12 கடல் மைல் 22.2 கி.மீ. தீவு இருக்கும் இடத்தில் நீரிணையின் அகலம் ஏறக்குறைய 35 கி.மீ.தான். நடுவிலிருக்கும் தீவு இரு கரைகளிலிருந்தும் 18 கி.மீ. அளவில் இருக்கிறது. கனடாவின் கணக்கிலும் வருகிறது, கிரீன்லாந்தைத் தன்னகத்தே கொண்ட டென்மார்க்கின் கணக்கிலும் வருகிறது.

1973-இல் இரு நாடுகளும் கண்டத்திட்டு எல்லையைப் பிரித்துக்கொண்டன. 127 புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைத்துக் கோடு போட்டார்கள். 122-ஆம் புள்ளி ஹான்ஸ் தீவின் தென்கரையில். 123-ஆம் புள்ளி வடகரையில். நடுவே 875 மீட்டருக்குக் கோடு இல்லை. இந்தத் தீவு யாருக்கு என்பதில் மட்டும் ஒத்துப்போக முடியாததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

1984-இல் டென்மார்க்கின் கிரீன்லாந்து விவகார அமைச்சர் டாம் ஹோயெம் ஹெலிகாப்டரில் வந்திறங்கிக் கொடி நட்டார். 'டென்மார்க் தீவுக்கு நல்வரவு' என்று எழுதி வைத்து, ஒரு பாட்டிலையும் விட்டுச் சென்றார். அதன் பின் இந்த வழக்கம் தொடர்ந்தது. கனடியர்கள் வந்தால் டென்மார்க் கொடியை இறக்கித் தங்கள் கொடியை ஏற்றுவார்கள், தங்கள் நாட்டு விஸ்கியை வைப்பார்கள். டென்மார்க்கினர் வந்தால் தங்கள் கொடி, தங்கள் நாட்டு மது. செய்தித்தாள்கள் இதற்கு 'விஸ்கிப் போர்' என்றே பெயர் வைத்தன. வகுப்பில் நான் வெறுமனே 'பாட்டில்' என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "என்ன பாட்டில் மிஸ்?" என்று கேட்டுவிட்டார்கள். சொன்னேன். மறைத்தால் வெளியே போய்த் தேடுவார்கள்.

வேடிக்கையாகத் தோன்றினாலும் உள்ளே இறுக்கம் இருந்தது. 2005 ஜூலையில் கனடாவின் பாதுகாப்பு அமைச்சர் பில் கிரகாம் தீவில் கால் வைத்தபோது டென்மார்க் முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது. அதே செப்டம்பரில் இரு நாடுகளும் பேசித் தீர்க்க ஒப்புக்கொண்டன. 2018-இல் இதற்கென்று ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். 2022 ஜூன் 14 அன்று ஒட்டாவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாறையின் மேல் வடக்கு தெற்காக ஓடும் இயற்கையான பள்ளத்தை ஒட்டித் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கையெழுத்திட்டபோது கிரீன்லாந்தின் பிரதமரும் உடனிருந்தார். கடைசியாக ஒருமுறை பாட்டில்களை நேரிலேயே மாற்றிக்கொண்டார்கள்.

அதுவரை கனடாவுக்கு அமெரிக்காவோடு மட்டும்தான் நிலஎல்லை. டென்மார்க்குக்கு ஜெர்மனியோடு மட்டும். இப்போது இரண்டுக்கும் இன்னொரு நிலஎல்லை வந்துவிட்டது. நீளம் ஏறக்குறைய 1.2 கி.மீ. பொது அறிவுப் புத்தகங்களில் 'கனடாவின் நிலஎல்லை நாடு எது?' என்ற பழைய கேள்வி இருந்தால் விடையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டவை இரண்டு. பாறைமேல் கோடு விழுந்தாலும், இனுயிட் மக்கள் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் முன்போலவே தீவு முழுதும் தடையின்றி வந்துபோகலாம் என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. அடுத்தது, அரசு அறிவிப்புகளில் 'டார்ட்டுபாலுக்' என்ற பெயர் இடம்பெற்றது. 1876-இல் அச்சான பெயருக்கு முன்பே இருந்த பெயர் தாளில் ஏறி வர ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

திங்கட்கிழமை வகுப்பறையில்

வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில், "வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்பு. நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள்" என்றேன். அமைதி. ஆசிரியர் தப்பு என்று சொன்னால் பிள்ளைகள் மதிப்பைக் குறைத்துவிடுவார்கள் என்று பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு பயம் இருந்தது. அன்று நடந்தது வேறு. "அப்ப எது மிஸ் சரி?" என்று நாற்பது முகங்களும் நிமிர்ந்தன. பாடம் தொடங்க அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

கதை முழுவதையும் சொல்லி முடித்தேன். முன் வரிசை மாணவி, "எல்லார் கூடவும் போனவர் அவருதான. அப்புறம் ஏன் மிஸ் அவருக்கு மட்டும் இத்தினியூண்டு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. வகுப்பையே பேச விட்டேன். "பேரு வச்சவங்க அவங்க ஆளுங்க" என்றது ஒரு குரல். "அவரு பேரு வந்ததே பெருசு" என்றது இன்னொன்று. "அவருகிட்ட கேட்டிருந்தா டார்ட்டுபாலுக்னு சொல்லியிருப்பாரு" என்றான் கடைசி பெஞ்ச் மாணவன். நான் சொல்ல நினைத்திருந்ததை அவனே சொல்லிவிட்டான்.

நான் செய்து பார்த்த மூன்று செயல்பாடுகள், விருப்பமுள்ளவர்கள் முயன்று பாருங்கள்.

ஒன்று, ஆட்சிக்கடல் கணக்கு. தாளில் இரு கரைகளையும் நடுவே புள்ளியையும் வரைந்து, ஒரு சென்டிமீட்டருக்கு 5 கி.மீ. என்ற அளவுகோலில் கவராயத்தால் 12 கடல் மைல் வட்டவில் போடச் சொல்லலாம். இரண்டு வில்களும் ஒன்றையொன்று வெட்டும் இடத்துக்குள் தீவு சிக்கிக்கொள்வதைக் கண்ணால் பார்ப்பார்கள். அளவுகோல் பாடமும் முடிந்துவிடும்.

இரண்டு, எல்லை பிரிக்கும் பேச்சுவார்த்தை. வகுப்பைக் கனடா, டென்மார்க், இனுயிட் வேட்டைக்காரர்கள் என்று மூன்று குழுவாக்குங்கள். முடிவை முதலில் சொல்லிவிடாதீர்கள். என் வகுப்பில் முதல் இரண்டு குழுக்களும் கத்திக்கொண்டிருந்தபோது, மூன்றாவது குழு "எங்களை யாராவது கேட்டீங்களா?" என்று எழுந்து நின்றது.

மூன்று, வரைபடத்தில் இல்லாத பெயர்கள். தங்கள் ஊரில் வரைபடத்தில் காணாத இடப்பெயர் ஒன்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். பாறைக்கு, மடைக்கு, திட்டுக்கு, ஒற்றை மரம் நின்ற திருப்பத்துக்கு என்று முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. பெயர் மட்டும் போதாது, ஏன் அந்தப் பெயர் என்றும் ஒரு வரி எழுத வேண்டும். சில பெயர்களுக்குக் காரணம் சொல்ல ஊரில் ஒரே ஒரு பாட்டிதான் மிச்சம் என்று பிள்ளைகளே வந்து சொன்னார்கள்.

அடுத்த மாதத் தேர்வில் ஆர்க்டிக் பகுதியின் புறவரி வரைபடம் கொடுத்து, நேர்ஸ் நீரிணையைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். கடைசி பெஞ்ச் மாணவன் நீரிணையைக் குறித்துவிட்டு, நடுவே ஒரு புள்ளியும் வைத்திருந்தான். பக்கத்தில் நுணுக்கி 'டார்ட்டுபாலுக், ஹான்ஸ் தீவு (சுவெர்சாக்)' என்று எழுதியிருந்தான். கேள்வியில் கேட்காததற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து அந்தப் பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஹான்ஸ் என்று அவன் வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை.